மேலே அவள், கீழே நான்

மோலில் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால், ஆட்களைக் கைபிடித்து ஏற்றிவிடும் வேலை என்றுதான் சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அது ஆஸ்பத்திரி வேலையல்லவா என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. நியமனக் கடிதத்தில் 'வாடிக்கையாளர் உதவியாளர்' என்று எழுதியிருந்தது. ஆனால் நாள் முழுக்க நான் செய்தது ஒன்றைத்தான். எஸ்கலேட்டரின் அடியில் நின்று, அதில் கால்வைக்கப் பயந்தவர்களின் கையைப் பிடித்து, "இப்ப வையுங்கோ" என்று சொல்வது. மேல் முனையில் இன்னொருத்தி நின்றாள். நான் ஏற்றிவிட்டவர்களை அவள் இறக்கிக்கொண்டாள். இதை எழுத உட்கார்ந்தது அவளை நினைத்துத்தான்.

பாலையூற்றில் எங்கள் வீட்டிலிருந்து கண்டி வீதிக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். வீதியோரம் ஒரு வெறும் வளவு கிடந்தது. மாடுகள் மேயும், பின்னேரங்களில் பெடியள் கிரிக்கெட் அடிப்பார்கள். ஒருநாள் அதைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். தகரத்தில் பெரிய படம் ஒன்று வந்தது. கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் பைகளோடு சிரித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரக் குடும்பம். எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் அந்தக் குடும்பத்தைத்தான் கனநாள் பார்த்துக் கதைத்தார்கள். "இவையள் எந்த ஊரிலயிருந்து பாலையூத்துக்குச் சாமான் வாங்க வருகினம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்.

நிலத்துக்குக் கீழே இரண்டு தட்டு வாகனத் தரிப்பிடம் கட்டுவதாகத் திட்டம். கிண்டத் தொடங்கி ஒரு மாதத்தில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. ஊரின் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த என்ஜினியர்மாருக்கு அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லைப் போலும். இரவு பகலாகப் பம்பு ஓடியது. இரண்டு மாரி கிண்டிய அந்தக் கிடங்குக்குள்ளேயே போயிற்று. என் கணவர் அங்கே மேசன் வேலைக்குப் போனார். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது முழங்கால்வரை ஈரமாக இருக்கும். கடைசியில் இரண்டு தட்டை ஒன்றாக்கி மூடிவிட்டு மேலே எழும்பினார்கள். நிலமாடியில் சுப்பர் மார்க்கெட், முதலாம் மாடியில் உடுப்பும் செருப்பும், இரண்டாம் மாடியில் சாப்பாட்டுக் கடைகளும் பிள்ளைகள் விளையாடும் இடமும். முதலாம் மாடியின் தரைக்கல் பதித்தவர்களில் என் கணவரும் ஒருவர். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவந்தார்.

எஸ்கலேட்டர் ஒன்றே ஒன்றுதான். நிலமாடியிலிருந்து முதலாம் மாடிக்கு. அதுவும் மேலே மட்டும் போகும். இறங்குவதற்குப் பின்பக்கம் சாதாரண படிக்கட்டு இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் என்பதால், ஆட்கள் விழுந்துவிடாமல் பார்க்க இரண்டு பெண்களை நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

திறப்பதற்கு ஒரு கிழமை முன்னால் எங்களுக்குப் பயிற்சி. அன்றுதான் அவளை முதலில் கண்டேன். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கறுப்பு அபாயா, கையில் ஒரு சாப்பாட்டுப் பை, முகத்தில் என்னிலும் கூடிய பயம். பயிற்சி தந்த மனிதர் சிங்களத்தில் சொன்னார், இடைக்கிடை ஒரு தமிழ்ச் சொல்லும் வந்தது. சிவப்புப் பொத்தானை எப்போது அமத்த வேண்டும், மஞ்சள் கோட்டுக்குள் எப்படிக் கால்வைக்க வேண்டும் என்று காட்டினார். பிறகு, "இப்ப நீங்க ரெண்டு பேரும்" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அதுவரை எஸ்கலேட்டரில் ஏறியதே இல்லை. நேர்முகத்தில் அதை யாரும் கேட்கவுமில்லை.

"அக்கா, நீங்க முன்னுக்குப் போங்க. நான் பின்னால வாறன்," என்றாள்.

"நீ முன்னுக்குப் போ. நான் பிடிக்கிறன்."

"எனக்கு ஏலா அக்கா. படி விழுங்கிற மாதிரி இரிக்கு."

கடைசியில் இருவரும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகக் கால்வைத்தோம். அரைவாசி தூரம் போனதும் அவள் கண்ணைத் திறந்து, "வந்துட்டமா?" என்று கேட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் தடுக்கி இருவரும் ஒன்றாக விழுந்தோம். பயிற்சியாளர் தலையில் கைவைத்தார். நாங்கள் தரையில் இருந்தபடியே சிரித்தோம். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. முப்பத்தைந்து வயதில் புதிதாக ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

திறந்த முதல் மாதங்களில் நிற்க நேரமில்லை. மூதூர், தோப்பூர், கிண்ணியா என்று வான் பிடித்து வந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்களைவிட ஏறிப் பார்க்க வந்தவர்கள்தான் கூட. சல்லி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா கோயிலுக்குள் போவதுபோல அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மேலே போனபிறகுதான் செருப்பு கீழே நிற்கிறது என்று நினைவு வந்து, ஓடும் படியிலேயே திரும்பி இறங்கப் பார்த்தார். அவள் பிடித்து நிறுத்த, நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். புதிதாகக் கலியாணம் முடித்த சோடிகள் ஏறி, பின்படியால் இறங்கி, திரும்பவும் ஏறுவார்கள். ஆம்பிளைகளின் கையை நாங்கள் பிடிப்பதில்லை. பயந்தவர்களுக்குச் செக்கியூரிட்டி ஐயாவைக் கூப்பிடுவோம். அநேகமானவர்கள் பயமில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக் கைபிடியையும் இறுக்கிப் பிடித்தபடி போவார்கள்.

ஆட்களோடு கதைத்துப் பயத்தைப் போக்க எனக்கு வாய் இருந்தது, அதனால் நான் கீழே. இறங்கும்போது தடுமாறுபவர்களைச் சட்டென்று பிடிக்க அவளுக்குக் கை இருந்தது, அதனால் அவள் மேலே. இரண்டு பேருக்கும் இடையில் அந்தப் படி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலுக்குள் கத்திக் கதைக்க ஏலாது. அதனால் சைகை வைத்துக்கொண்டோம். நான் தலையில் கைவைத்தால் வருகிறவர் நன்றாகப் பயந்திருக்கிறார். சாறியின் கரையைத் தொட்டால் உடுப்பு நீளம், கவனம். இரண்டு விரல் காட்டினால் பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள். அரைவருடத்துக்குள் அந்தச் சைகைகள் வேலையைத் தாண்டிப் போய்விட்டன. பசிக்கிறது, மனேஜர் வருகிறார், அந்த நீலச் சாறியைப் பார், இன்றைக்கு எனக்கு மனம் சரியில்லை, எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று இருந்தது. வீட்டில் என் மனிசனுக்கு நாலு தரம் சொன்னாலும் விளங்காததை அவள் அங்கிருந்து ஒரு பார்வையில் விளங்கிக்கொள்வாள்.

மதியம் இரண்டாம் மாடியில், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கே ஒரு சின்ன யன்னல். அதால் பார்த்தால் துறைமுகத்தின் உட்பக்கத்தில் ஒரு துண்டும் அதில் நிற்கும் கப்பலும் தெரியும். அவள் மீன் ஆணம் கொண்டுவருவாள். கறிக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வது. என் பெட்டியில் கத்தரிக்காயோ பருப்போ இருக்கும். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி என்பதை என்னைவிட அவள்தான் நினைவில் வைத்திருந்தாள். நோன்பு மாதத்தில் நான் அவளுக்கு முன்னால் சாப்பிடாமல் படிக்கட்டில் போய் இருந்து சாப்பிட்டேன். இரண்டாம் நாள் தேடி வந்து பேசினாள்.

"நான் நோன்பு பிடிக்கிறன் எண்டா நீங்க என்னத்துக்கு ஒளிச்சுத் தின்னணும்? உள்ளுக்கு வாங்க. பக்கத்தில இருந்து கதைச்சா எனக்கும் நேரம் போகும்."

அந்த அறையில்தான் அவள் கதையைச் சொன்னாள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. பிள்ளைகளை உம்மா பார்த்துக்கொள்கிறா. கணவர் சவூதிக்குப் போய் முதல் வருடம் ஒழுங்காகக் கதைத்தார். பிறகு குறைந்தது. பிறகு இல்லை. அங்கே இன்னொரு கலியாணம் முடித்துவிட்டார் என்று ஊரில் ஒருவர் வந்து சொன்னாராம். "அத எனக்குச் சொன்ன ஆளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துத்தான் அனுப்பினன்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் மட்டும் நாங்கள் நடுங்கிப்போனோம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் தோளில் கிடந்த சோல் மேல் முனையில் படியின் பல்லுக்குள் சிக்கிவிட்டது. நான் கீழே இருந்து கத்தினேன். அவள் பாய்ந்து விழுந்து ஒரு கையால் சோலை இழுத்துப் பிடித்தபடி மற்றக் கையால் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். படி நின்றது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுடைய விரல் நகம்தான் பாதி கிழிந்து தொங்கியது. பிள்ளையின் தாய் எங்களை ஏசிவிட்டுப் போனார். பின்படியில் உட்கார்ந்து நான் கட்டுப் போட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "என்ட மகள்ட வயசு அக்கா. என்ட மகள்ட வயசு."

கொரோனா வந்து எல்லாம் பூட்டியபோது நாங்கள் தொலைபேசியில் கதைத்தோம். திரும்பத் திறந்தபோது கைபிடிக்கக் கூடாது என்றார்கள். முகமூடியோடு, கையுறையோடு, தூரத்தில் நின்று "இப்ப வையுங்கோ" என்று சொல்லவேண்டும். அது பரவாயில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் மோலை முறித்தது. மின்வெட்டு. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று, பிறகு எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாமல். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. எஸ்கலேட்டர் நின்றுவிட்டது. ஆட்கள் அதைச் சாதாரணப் படியாக நினைத்து ஏறினார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, நிண்ட படிக்கும் ஆள் வேணுமோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அன்று முழுக்க எனக்கு அது குத்திக்கொண்டே இருந்தது.

கடைகள் மேலேயிருந்து பூட்டத் தொடங்கின. முதலில் பிள்ளைகள் விளையாடும் இடம். பிறகு சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக. அந்த நாட்களில்தான் என் கணவருக்கு முதுகு ஏலாமல் போய், மேசன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மனேஜர் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கதிரையில் இருக்கச் சொன்னார். சொல்வதற்கு முன்னால் மேசையில் இருந்த கடதாசிகளை இரண்டு தரம் அடுக்கினார்.

"அடுத்த மாதம் துவக்கம் ஒராளைத்தான் வைச்சிருக்கச் சொல்லியிருக்கினம். எனக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான். நீங்களே கதைச்சு ஒரு முடிவுக்கு வந்து, இந்தக் கிழமைக்குள்ள சொல்லுங்கோ."

வெளியே வந்ததும் அவள், "நாளைக்குக் கதைப்பம் அக்கா," என்றாள். செவ்வாய்க்கிழமை கதைக்கவில்லை. சாமான் அறையில் இருந்து சாப்பிட்டோம். கப்பலைப் பார்த்தோம். அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். நான் மகளின் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒன்றைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. எஸ்கலேட்டர் நின்றிருந்ததால் கத்தாமலே கதைத்திருக்கலாம். ஆனாலும் பின்னேரம் முழுக்க அவள் மேலேயும் நான் கீழேயும் பேசாமல் நின்றோம்.

புதன்கிழமை காலை அவள் வரவில்லை. பஸ்களுக்கு டீசல் இல்லாத நாட்கள் அவை. கிண்ணியாவிலிருந்து பஸ் கிடைக்காமல் அவள் சந்தியில் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நான் நடந்து வருகிறவள், எட்டரைக்கே வந்துவிட்டேன். மனேஜரின் அறைக் கதவு திறந்திருந்தது. போகத் திட்டம் போட்டு வந்தேன் என்று சொன்னால் பொய். திட்டமில்லை என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை. உள்ளே போய் நின்றேன். வீட்டு நிலைமையைச் சொன்னேன். என்னை வைத்திருக்கச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மற்றவவோட கதைச்சனீங்களா?"

"ஓம். கதைச்சனாங்கள்," என்றேன்.

ஒரு கணமும் யோசிக்காமல் வந்த சொல். வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவள் வந்ததும் முதலில் நானே சொல்லிவிடுவேன், மன்னிப்புக் கேட்பேன், அவள் வேண்டும் என்றால் திரும்பப் போய் மாற்றிச் சொல்வேன் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் பதினொரு மணிக்கு வந்தாள். பாதி தூரம் லொறியில், மீதி நடை. அபாயாவின் அடி முழுக்கத் தூசி. என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் வாய் திறப்பதற்குள் செக்கியூரிட்டி ஐயா வந்து, மனேஜர் கூப்பிடுகிறார் என்றார். அவள் பையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"நாங்க கதைச்சு முடிவெடுத்ததாம்," என்றாள்.

பையை நான் மற்றக் கைக்கு மாற்றினேன்.

"எப்ப அக்கா கதைச்ச?"

"தங்கச்சி, நான்..."

"இல்ல, நான் கேக்கிறன். எப்ப?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கும் பிள்ளையைப்போலக் கேட்டாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நேரத்துக்கு வந்தாள், மேலே நின்றாள், நேரத்துக்குப் போனாள். என் பக்கம் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டை முதலாம் மாடியில் நின்றபடியே முடித்தாள். கடைசி நாள் சீருடையைத் தோய்த்து மடித்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பின்படியால் இறங்கிப் போனாள் என்று செருப்புக் கடைப் பிள்ளை வந்து சொன்னாள்.

மின்சாரம் திரும்ப ஒழுங்காக வந்தது. எஸ்கலேட்டர் ஓடியது. ஆனால் இப்போது யாருக்கும் பயமில்லை. பழகிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கைபிடி தொடாமல் ஏறினார்கள். மேலே அவள் நின்ற இடத்தில் பிளாஸ்டிக் பூஞ்செடி ஒன்றை வைத்திருந்தார்கள். யாரையாவது ஏற்றிவிட்டதும் என் கழுத்து தானாக நிமிரும். பூஞ்செடிதான் நிற்கும். எத்தனையோ மாதம் அந்தப் பழக்கம் போகவில்லை. சிரிக்கக்கூடிய ஒன்றைக் கண்டால், அதை யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே நிற்பேன். வீட்டில் போய்ச் சொன்னால் அதில் ஒன்றும் இருக்காது.

பெருநாளுக்கு முன்னால் தோப்பூரிலிருந்து வழக்கமாக உடுப்பெடுக்க வரும் ஒரு அம்மா அந்த வருடமும் வந்தார். ஏறுவதற்கு முன் மேலே பார்த்தார்.

"மேல நிண்ட புள்ள எங்க?"

"வேலையை விட்டிட்டா அம்மா."

"அய்யோ. நல்ல புள்ள. என்ன விழ உடாமப் பிடிக்கும்."

நான் அவரைக் கைபிடித்து மேலேவரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன்.

அவள் கட்டாருக்குப் போய்விட்டாள் என்று செருப்புக் கடைப் பிள்ளைதான் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கும் ஊர் கிண்ணியாதான். கட்டாரில் விமான நிலையத்தில் துப்புரவு வேலையாம். பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. புது இலக்கத்தை அந்தப் பிள்ளையிடம் வாங்கி வாட்ஸ்அப்பில் எழுதினேன். சுகமா, பிள்ளைகள் சுகமா என்று. பார்த்திருந்தாள். பதில் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அனுப்பினேன். அதையும் பார்த்திருந்தாள். அவள் பார்த்தாள் என்று காட்டும் அந்த இரண்டு நீலக் கோடுகளைத் திறந்து திறந்து பார்ப்பேன். அதுவும் ஒரு பதில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. சுப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் போய், சுவரோடு சாய்ந்து நின்று கேட்டேன். "அக்கா, உங்கட மகள் கம்பஸுக்கு எடுபட்டிட்டாவாம். கேள்விப்பட்டன். மிச்சம் சந்தோஷம்." அவ்வளவுதான். எட்டுச் செக்கன். பின்னால் பெரிய மண்டபத்தில் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. நான் அன்றே எல்லாவற்றையும் எழுதினேன். அந்தப் புதன்கிழமையை, வாசலைப் பார்த்து நின்றதை, சொன்ன பொய்யை. மூன்று நாள் கழித்து, "அத எழுத வேணாம். நான் வரக்குள்ள நேர சொல்லுங்க," என்று பதில் வந்தது.

இதற்கிடையில் மோல் கைமாறியது. கொழும்புக் கம்பனி விற்றுவிட்டுப் போனது. வாங்கியவர்கள் முதலாம் மாடியை ஒரு கணினி வகுப்புக்கும் இரண்டாம் மாடியைக் கலியாண மண்டபமாகவும் கொடுத்தார்கள். எஸ்கலேட்டரைக் கழற்றி இரும்புக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் சுவர் வைத்து அடைத்தார்கள். நிலமாடியில் சுப்பர் மார்க்கெட் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே மரக்கறி நிறுக்கும் இடத்தில் என்னைப் போட்டார்கள். இன்றைக்கும் அதுதான் என் வேலை. மாரியில் கீழ்த்தட்டில் இன்னும் தண்ணீர் ஊறும், பம்பு போடுவார்கள்.

அவள் முதல் லீவில் வந்தபோது நான் கிண்ணியாவுக்குப் போனேன். பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர், வள்ளங்கள், வலை எறிகிறவர்கள். இத்தனை வருடம் ஒன்றாக வேலை செய்தும் அவளுடைய வீட்டுக்கு நான் போனதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். "வாங்க," என்றாள். வீட்டின் முன் அறைக்குப் புதிதாகத் தரைக்கல் பதித்திருந்தது. உம்மா தேத்தண்ணியும் மஸ்கட் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போனா. மகள் உயர்ந்து அவள் தோளுக்கு வந்துவிட்டாள். எனக்குச் சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எழுதியபோது நீளமாக இருந்தது. வாயால் சொன்னபோது இரண்டு வசனம்தான் வந்தது. அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நீங்க கேட்டிருந்தா நான் உங்களுக்கு விட்டுத் தந்திருப்பன் எண்டு சொல்ல மாட்டன் அக்கா," என்றாள் கடைசியில். "எனக்கும் புள்ளைகள் இரிக்கு. நானும் மனேஜர்ட்ட போய்க் கேட்டிருப்பன். ஆனா கதைச்சாச்சு எண்டு சொல்லியிருக்க மாட்டன்."

"தெரியும்."

"வேலை போனது இல்ல நொந்தது. அங்க வேற வேலை கிடைச்சுது. என்ட பேரில நீங்க ஓம் சொன்னதுதான். கனநாள் அதத்தான் நினைச்சுக்கொண்டு கூட்டினன். அவ்வளவு பெரிய இடம் அக்கா அது. கூட்டி முடியாது."

 அவள் ஆறுதல் சொல்லவில்லை.  பிறகு அவளே, "மாமாட முதுகு எப்படி இரிக்கு?" என்று என் கணவரைப் பற்றிக் கேட்டாள். நான் சொன்னேன். அவள் அங்கே இருக்கும் அறையைப் பற்றி, ஒரே அறையில் படுக்கும் நேபாளப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். மதியம் சாப்பிடாமல் போக விடவில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, அன்று வெள்ளிக்கிழமைதானே என்று உம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு, எனக்குத் தனியாகச் செய்து வைத்திருந்த பூசணிக்காய்க் கறியை எடுத்துவந்தாள்.  சாப்பிட்டேன்.

அவள் திரும்பிப் போகும் நாளில், பின்னேரம் மூன்று மணிபோல, சுப்பர் மார்க்கெட்டில் நிற்கும்போது போன் அடித்தது. "அக்கா, வான் பாலையூத்துக்கு வந்திட்டு. ரோட்டுக்கு வாங்க." தராசை மற்றப் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஓடினேன். வான் வீதியின் மறுபக்கம் நின்றது. அவள் இறங்கி நின்றாள். உம்மாவும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேல இப்ப என்ன?"

"கம்பியூட்டர் வகுப்பு. அதுக்கு மேல கலியாண ஹோல்."

"கப்பல் தெரியிற அறை?"

"மணப்பெண் உடுத்திற அறையாக்கிட்டினம்."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். மகன் தண்ணீர் கேட்டான். நான் ஓடிப்போய்க் குளிர்ந்த போத்தல் நான்கு வாங்கிவந்தேன். ட்ரைவர் நேரமாகிறது என்றார். அவள் ஏறி யன்னலோரம் இருந்தாள். மகள் தாயின் தோளில் சாய்ந்து மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அழுகிறாள் என்று விளங்கியபோது நான் அவர்களுடைய நேரத்தில் நிற்கிறேன் என்று தோன்றியது. வானின் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள். அவளுக்கு அன்று லீவு. மகன் கணக்கில் கெட்டிக்காரன் என்பாள், அங்கே வெயில் எப்படி என்பாள். நான் தக்காளி விலையைச் சொல்வேன், எங்கள் ஒழுங்கையில் யார் புது வீடு போடுகிறார்கள் என்று சொல்வேன். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நேரம் இருவரும் ஒன்றும் கதைக்காமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறாள். எப்ப வருவாய் என்று கேட்டால், "மகள் ஓஎல் சோதனை எழுதி முடிக்கட்டும் அக்கா," என்கிறாள். போன வெள்ளி எடுக்கவில்லை. வேலை நேரத்தை மாற்றியிருப்பார்கள். இன்றைக்கு வியாழன்.